குவோஹி சிகரத்துக்குச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குவோஹி எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் தென்கிழக்கில், டென்னசி மாநிலத்துக்கும் வட கரோலைனா மாநிலத்துக்கும் நடுவே எல்லையாக நீளும் ஸ்மோக்கி மலைத்தொடரின் முகட்டில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,643 அடி, அதாவது 2,025 மீட்டர் உயரம். கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவிலும், டென்னசி மாநிலத்திலும், ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை செல்லும் அப்பலாச்சியன் நடைபாதை முழுவதிலும் இதுவே மிக உயர்ந்த இடம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள சிகரங்களை வரிசைப்படுத்தினால் மூன்றாவதாக வரும்; முதல் இரண்டும் வட கரோலைனாவில் உள்ள மிட்செல், கிரெய்க் சிகரங்கள்.

பழைய வரைபடங்களில் அந்த இடத்தில் "கிளிங்மன்ஸ் டோம்" என்று இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். 2024 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க இடப்பெயர் வாரியம் பழைய பெயரை நீக்கிக் குவோஹி என்பதை அதிகாரப்பூர்வப் பெயராக ஏற்றது. அதற்கு முன் அச்சான வழிகாட்டி நூல்களிலும், சில கார்களின் வழிகாட்டிக் கருவிகளிலும் கிளிங்மன்ஸ் டோம் என்ற பெயர் இன்னும் இருக்கக்கூடும். சிகரத்துக்குச் செல்லும் சாலையும் இப்போது குவோஹி சாலைதான்.

இதைப் "பெயர் மாற்றம்" என்று சொல்வதைவிடப் "பெயர் மீட்பு" என்று சொல்வதே சரி. தாமஸ் லேனியர் கிளிங்மன் வட கரோலைனாவின் வழக்கறிஞர், அமெரிக்க செனட் உறுப்பினர், பின்னர் உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தளபதி. அப்பகுதியின் மிக உயர்ந்த சிகரம் எது என்பது குறித்து அவருக்கும் எலிஷா மிட்செல் என்ற பேராசிரியருக்கும் 1850களில் கடுமையான தகராறு நடந்தது. தன் அளவீடு சரியென்று நிறுவ மீண்டும் மலையேறிய மிட்செல் 1857இல் தவறி விழுந்து இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்மோக்கி மலைகளை அளந்த ஆர்னால்ட் கயோ என்ற புவியியலாளர் இந்தச் சிகரத்துக்குக் கிளிங்மனின் பெயரைச் சூட்டினார். இந்தத் தகராறில், இப்பகுதியின் பழங்குடிகளான செரோக்கி மக்கள் மலைக்கு அதற்கு முன்பே குவோஹி என்று பெயர் வைத்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

பெயரை மீட்கும் முயற்சியை யார் எடுத்தார்கள்?

செரோக்கி மக்களின் கிழக்குக் குழுவைச் சேர்ந்த லவீட்டா ஹில், மேரி குரோ என்ற இரு பெண்கள் 2022இல் தொடங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கையை அக்குழுவின் பேரவை தீர்மானமாக நிறைவேற்றியது. சுற்று வட்டாரத்து உள்ளாட்சி அமைப்புகள் சில ஆதரவுத் தீர்மானங்கள் இயற்றின. பின்னர் முறையான விண்ணப்பம் வாரியத்துக்குச் சென்றது. பூங்கா நிர்வாகமும் ஆதரித்தது. வாரியத்தில் எதிர்ப்பு வாக்கு எதுவும் விழவில்லை.

பெயரின் பொருள் என்ன? எப்படி உச்சரிப்பது?

"மல்பெரி இருக்கும் இடம்" என்பது பொருள். நம் ஊரில் முசுக்கட்டை என்றும் பட்டுப்பூச்சிச் செடி என்றும் சொல்கிறோமே, அதே இனம். "வோ" என்பதை அழுத்திக் கு-வோ-ஹி என்று சொல்ல வேண்டும். செக்வோயா என்ற செரோக்கி அறிஞர் 1821இல் உருவாக்கி முடித்த எழுத்துமுறையில் ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு. ஆகவே செரோக்கியிலும் இது மூன்றெழுத்துச் சொல், தமிழில் எழுதினாலும் மூன்றெழுத்துத்தான்.

செரோக்கி மக்கள் இதை ஏன் புனிதமாகக் கருதுகிறார்கள்?

ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. மக்களைப் பாதிக்கும் பெரிய விஷயங்களில் வழி தெரியாதபோது அவர்களுடைய மூத்தோரும் மருத்துவர்களும் இம்மலைக்கு வந்து, படைத்தவனை நோக்கி வேண்டி, கிடைத்த வழிகாட்டுதலைக் கீழே ஊர்களுக்குக் கொண்டு சென்றார்கள் என்பது அவர்களுடைய மரபு. ஆக, இது தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போகும் மலை அல்ல. ஆலோசனை கேட்பதற்காக ஏறிய மலை.

இன்னொரு காரணம் கரடி. ஜேம்ஸ் மூனி என்ற இனவியலாளர் 1887 முதல் இப்பகுதிச் செரோக்கி மூத்தோரிடம் கேட்டுப் பதிவு செய்த கதைகளின்படி, நான்கு மலைகளுக்கு அடியில் கரடிகளுக்கு மன்றங்கள் உண்டு. அவற்றில் ஒன்று குவோஹி. கரடிகளின் தலைவனான வெள்ளைக் கரடி இங்கேதான் வாழ்கிறது. குளிர்காலத்தில் குகைக்குள் அடங்குமுன் கரடிகள் இந்த மன்றங்களில் கூடி நடனமாடும்.

அந்தக் கரடிகளும் முன்பு மனிதர்களே என்று மற்றொரு கதை சொல்கிறது. அனி-த்சகூஹி என்ற குலத்தில் ஒரு சிறுவன் நாள்தோறும் விடியும்முன் மலைக்குப் போய் இருட்டிய பிறகே திரும்புவான். வீட்டில் சாப்பிடவும் மாட்டான். சில நாட்களில் அவன் உடம்பில் பழுப்பு நிற முடி நீண்டு வளரத் தொடங்கியதைப் பெற்றோர் கண்டார்கள். ஊரில் கிடைக்கும் சோளத்தையும் அவரையையும்விட நல்ல உணவு காட்டில் ஏராளமாக இருக்கிறது, அங்கே பாடுபட வேண்டியதும் இல்லை என்று அவன் சொல்லவே, குலத்தார் கூடிப் பேசி, ஏழு நாள் உண்ணாதிருந்து, ஏழாம் நாள் காலையில் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். தடுக்க வந்த மற்ற ஊர்களின் தலைவர்களிடம், "இனி எங்கள் பெயர் கரடி, உங்களுக்குப் பசிக்கும்போது காட்டுக்கு வந்து எங்களை அழையுங்கள், எங்கள் உடலைத் தருகிறோம், எங்களைக் கொல்ல அஞ்ச வேண்டாம், நாங்கள் சாவதில்லை" என்று சொல்லி, அழைக்கும் பாட்டுகளையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்த்தவர்களின் கண்ணுக்குக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்த கரடிக் கூட்டமே தெரிந்தது. வேட்டையாடுபவனுக்கும் வேட்டையாடப்படுவதற்கும் இடையே உள்ள கடனை இவ்வளவு நேராகப் பேசும் கதைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

குவோஹிக்கு அருகே மாய ஏரி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அதைப் பார்க்க முடியுமா?

அதன் பெயர் அட்டகாஹி. ஒக்கொனலுஃப்டி ஆறு பிறக்கும் இடங்களுக்கு மேற்கே, எவரும் நுழையாத காட்டுக்குள் அது இருப்பதாகக் கதை. அடிபட்ட கரடி எப்படியோ தப்பி அங்கே போய் நீரில் இறங்கினால், அக்கரையில் ஏறும்போது காயம் ஆறியிருக்கும். அந்தப் பக்கமாக வரும் வேட்டைக்காரனுக்கு ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகளின் சிறகோசை கேட்கும். ஆனால் போய்ப் பார்த்தால் புல்கூட முளைக்காத வறண்ட தரைதான் இருக்கும். உண்ணாமல், இரவு முழுவதும் உறங்காமல் வேண்டி நிற்பவனுக்கு மட்டும், பொழுது புலரும்போது ஊதா நிற நீர்ப்பரப்பும், சுற்றிலும் பாறைகளிலிருந்து விழும் ஊற்றுகளும், கரையெங்கும் கரடிகளின் தடங்களும் தெரியும்.

கேள்விக்கு நேரடி விடை: பூங்காவின் வரைபடத்தில் அது இல்லை. காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1838ஆம் ஆண்டுக்கும் இம்மலைக்கும் என்ன தொடர்பு?

1830இல் இயற்றப்பட்ட இந்தியர் அகற்றல் சட்டத்தையும் (அமெரிக்கப் பழங்குடிகளை அப்போது இந்தியர் என்றே அழைத்தார்கள்), செரோக்கி மக்களில் மிகச் சிறிய பிரிவினர் மட்டுமே 1835இல் கையெழுத்திட்ட நியூ எச்சோட்டா உடன்படிக்கையையும் காட்டி, 1838இல் அமெரிக்கப் படை செரோக்கி மக்களை வீடுகளிலிருந்து பிடித்து, முகாம்களில் அடைத்து, இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தியது. ஏறக்குறைய 16,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள்; முகாம்களிலும் வழியிலுமாக 4,000 பேர் வரை மாண்டதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு குறிப்பது இதைத்தான்.

அப்போது படையிடம் சிக்காமல் தப்பியவர்கள் ஸ்மோக்கி மலைகளின் உயரங்களுக்குள் மறைந்தார்கள். குவோஹியின் சரிவுகளும் அவர்களுக்குப் புகலிடம் தந்தன. அவர்களும், தனி ஏற்பாட்டின்படி ஏற்கெனவே குவாலா பகுதியில் தங்க முடிந்தவர்களும் சேர்ந்ததே இன்றைய கிழக்குக் குழு. செரோக்கிகள் தங்கள் பெயரில் நிலம் வாங்க முடியாதிருந்த அக்காலத்தில், யோனகுஸ்கா என்ற தலைவர் மகனாக ஏற்று வளர்த்த வில்லியம் ஹாலண்ட் தாமஸ் என்ற வெள்ளையர் தம் பெயரில் அவர்களுக்காக நிலம் வாங்கினார். இன்று ஏறத்தாழ 57,000 ஏக்கர் பரப்புள்ள குவாலா எல்லைப்பகுதி அப்படி உருவானது. அரசு ஒதுக்கிக் கொடுத்த நிலம் என்று பலர் நினைக்கிறார்கள். தங்களுடைய நிலத்தையே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை.

மேலே கோயிலோ வழிபாட்டு இடமோ இருக்கிறதா? காலணியைக் கழற்ற வேண்டுமா?

கட்டடம் என்று இருப்பது, 1959இல் பூங்கா நிர்வாகம் கட்டிய கான்கிரீட் பார்வைக் கோபுரம் ஒன்றுதான். சன்னதி இல்லை, கல்வெட்டு இல்லை, எல்லையைக் குறிக்கும் கயிறுகூட இல்லை. காலணியைக் கழற்ற வேண்டியதில்லை. அந்தக் குளிரில் கழற்றவும் முடியாது. புனிதத்தை அறிவிக்கும் அடையாளம் எதுவும் கண்ணில் படாததால்தான் ஆண்டுக்கு 6,50,000க்கும் மேற்பட்டோர் வந்து, படம் எடுத்து, இது யாருடைய மலை என்று அறியாமலே இறங்கிப் போகிறார்கள். வருமுன் தெரிந்துகொண்டு வர வேண்டிய இடம் என்பதற்காகத்தான் மேலே இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

வருகையாளர் செய்யக் கூடாதவை எளியவை: பாறைகளில் பெயர் எழுத வேண்டாம், கற்களை அடுக்கிவைக்க வேண்டாம், ஒலிபெருக்கியில் பாட்டுப் போட வேண்டாம், செரோக்கி சடங்கு என்று எங்கோ படித்ததை அங்கே நடித்துப் பார்க்க வேண்டாம்.

எப்படிச் செல்வது? எந்த மாதங்களில் செல்லலாம்?

டென்னசி பக்கத்துக் கேட்லின்பர்க் நகரையும் வட கரோலைனா பக்கத்துச் செரோக்கி நகரையும் இணைக்கும் 441ஆம் எண் நெடுஞ்சாலை, மலைமுகட்டை நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாயில் கடக்கிறது. அக்கணவாயே 5,046 அடி உயரம். அதை ஒட்டிப் பிரியும் குவோஹி சாலையில் 7 மைல், அதாவது 11 கிலோமீட்டர் சென்றால் வாகன நிறுத்துமிடம் வரும். பொதுப் பேருந்து கிடையாது. பூங்காவுக்குள் பெட்ரோல் நிலையமும் இல்லை, கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கம் செய்துகொள்வது நல்லது.

டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குவோஹி சாலை வாகனங்களுக்கு மூடப்படும். நடந்து செல்பவர்களுக்குத் தடை இல்லை. பனி மூடிய சாலையில் போக 7 மைல், வர 7 மைல் நடக்கத் தயாராக இருப்பவர்கள் மலையைத் தனியே பார்க்கலாம். மற்ற மாதங்களிலும் பனிப்பொழிவு, பலத்த காற்று ஆகியவற்றால் சாலையை மூடுவது உண்டு. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வாரங்களில் கூட்டம் மிகுதி. காலை 9 மணிக்குள் போய்ச் சேராவிட்டால் நிறுத்த இடம் தேடிச் சுற்ற நேரும்.

நுழைவுக் கட்டணம் உண்டா?

இல்லை. டென்னசி மாநிலம் 1951இல் இந்த நெடுஞ்சாலையைக் கூட்டரசிடம் ஒப்படைத்தபோது சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. ஆனால் 15 நிமிடங்களுக்கு மேல் வாகனத்தை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும். 2023 மார்ச் 1இல் இது நடைமுறைக்கு வந்தபோது நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15 டாலர், ஆண்டுக்கு 40 டாலர் என்று விதித்தார்கள். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுவான ஆண்டு அட்டை வைத்திருந்தாலும் இதைத் தனியாக வாங்கியாக வேண்டும். கைப்பேசியில் காட்டினால் போதாது, அச்சிட்ட சீட்டு வண்டியின் கண்ணாடியில் தெரிய வேண்டும்.

நடை எவ்வளவு கடினம்? வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா?

நிறுத்துமிடத்திலிருந்து கோபுரம் வரை அரை மைல்தான், தார் போட்ட பாதைதான். ஆனால் அந்த 800 மீட்டருக்குள் 330 அடி ஏறுகிறோம். காற்றும் சற்று மெலிந்திருப்பதால், நன்றாக நடப்பவர்களுக்கே மூச்சு வாங்கும். வழியோரத்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் முதியவர்கள் பலரும் ஏறிவிடுகிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. கோபுரத்தில் படி கிடையாது. 375 அடி நீளமுள்ள சாய்தளம் சுருண்டு மேலே போகிறது. இருந்தாலும் கீழேயுள்ள பாதையின் சரிவு அதிகம் என்பதால் சக்கர நாற்காலிக்கு உகந்ததல்ல. நாய்க்கும் மிதிவண்டிக்கும் இப்பாதையில் அனுமதி இல்லை.

மேலே வர இயலாதவர்கள் ஏமாற்றம் அடைய வேண்டாம். நிறுத்துமிடத்தின் விளிம்பிலிருந்தே தெற்கே மலை மலையாக விரியும் காட்சி தெரியும். என்னைக் கேட்டால் கோபுரத்தைவிட அங்கே அமைதியாக நிற்கலாம்.

கோபுரத்திலிருந்து என்ன தெரியும்?

காற்று தெளிந்த நாளில் 100 மைல் வரை தெரியும் என்பார்கள். தெளியாத நாட்களே அதிகம். கோபுரம் 45 அடி உயரம்தான். ஆனால் மரங்களின் தலைக்கு மேலே நம்மைத் தூக்கி நிறுத்துகிறது. நீல நிறத்தில் அடுக்கடுக்காகப் பின்வாங்கும் மலைகளைப் பார்த்தால், செரோக்கி மொழியில் இப்பகுதியை "நீலப் புகையின் நாடு" என்று ஏன் சொன்னார்கள் என்பது விளங்கும். அந்த நீலம் காட்டின் மூச்சு. மரங்கள் வெளியிடும் ஆவிகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் உண்டாகிறது.

மேகம் வந்துவிட்டால் சாய்தளத்தின் எதிர்ப்புறத்தில் நடப்பவர்கள்கூடத் தெரிய மாட்டார்கள்; பேச்சு மட்டும் கேட்கும். கைப்பிடிச் சுவரில் நீர் கோத்து நிற்கும். ஃபிர் மரத்து ஊசியிலைகளின் நுனியில் ஒவ்வொரு துளியாகத் திரண்டு விழும். ஈர மண்ணோடு பிசின் மணம் கலந்து வரும். "ஒன்றும் தெரியவில்லை" என்று அலுத்துக்கொண்டு உடனே இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் காத்திருங்கள், சில வேளை மேகம் சட்டென்று கிழியும்.

கீழே இருப்பதைவிட மேலே 5 முதல் 11 டிகிரி செல்சியஸ் வரை குளிர் கூடுதல். ஜூலையிலும் ஸ்வெட்டரும் மழைச்சட்டையும் கையில் இருக்கட்டும்.

சிகரத்தில் இத்தனை மரங்கள் ஏன் பட்டுப்போய் நிற்கின்றன?

தீப்பிடித்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஃப்ரேசர் ஃபிர் என்ற மரம் தெற்கு அப்பலாச்சிய மலைகளின் உச்சிகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த அடெல்ஜிட் என்ற, கண்ணுக்கு வெண்பஞ்சுத் துகள்போலத் தெரியும் நுண்பூச்சி 1960களில் இந்தப் பூங்காவை எட்டி, வளர்ந்த ஃபிர் மரங்களின் பட்டையில் சாற்றை உறிஞ்சிப் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. வெளுத்த கம்பங்களாக நிற்பவை அவற்றின் எச்சம். அடியில் இளங்கன்றுகள் நெருக்கமாக முளைத்து வருகின்றன. அவற்றை மிதித்துவிடாமல் பாதையிலேயே நடக்க வேண்டும்.

கரடி எதிரே வந்தால்?

பூங்காவில் ஏறக்குறைய 1,900 கருங்கரடிகள் உள்ளன, பார்க்க நேரலாம். 50 கஜத்துக்கு, அதாவது சுமார் 45 மீட்டருக்குக் கிட்டே போவது சட்டப்படி குற்றம். உணவு கொடுப்பதும் குற்றம். ஓடாதீர்கள், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். காரில் சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தால் கதவும் கண்ணாடியும் மூடியிருக்கட்டும்.

நினைவுக்காகச் செடி, கல் எதையாவது எடுத்து வரலாமா?

கூடாது. காட்டுப் பழங்களைச் சிறிதளவு பறித்துத் தின்னலாம். செடியைப் பிடுங்கக் கூடாது. செரோக்கி மக்கள் காலங்காலமாகச் சமைத்துண்ணும் சோச்சன் கீரையை அவர்களே பூங்காவுக்குள் பறிக்க முடியாதிருந்தது. 2019இல்தான் கிழக்குக் குழுவுக்கும் பூங்காவுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அனுமதி பெற்ற செரோக்கிகள் பறிக்க வழி பிறந்தது.

சில நாட்களில் காலையில் குவோஹி சாலையை மூடிவைக்கிறார்களாமே, ஏன்?

ஆண்டுக்கு மூன்று அரை நாட்கள், செரோக்கி மாணவர்கள் மலைக்கு வருவதற்காகப் பொதுமக்களுக்கு மூடப்படுகிறது. அங்கே மூத்தோரும் மொழி தெரிந்தவர்களும் பண்பாட்டை அறிந்தவர்களும் பிள்ளைகளுக்கு மலையின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். செரோக்கியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்கள் கிழக்குக் குழுவில் இன்று மிகச் சிலரே. ஆகவே அந்தச் சில மணி நேரத்தின் மதிப்பு வேறு. உங்கள் பயண நாள் அதில் சிக்கினால் எரிச்சல் வேண்டாம், பிற்பகலில் திறந்துவிடுவார்கள். பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தில் தேதிகளை முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தை விட்டு விலகி நடக்க வழி உண்டா?

நிறுத்துமிடத்திலிருந்தே ஃபோர்னி ரிட்ஜ் பாதை இறங்குகிறது. 1.8 மைல் நடந்தால் ஆண்ட்ரூஸ் பால்ட் என்ற மலைப் புல்வெளி வரும். ஜூன் பிற்பகுதியில் செம்மஞ்சள் அசேலியா பூத்திருக்கும். போகும்போது இறக்கம் என்பதால், திரும்பும்போது ஏற்றம் என்பதை நினைவில் வைத்து நீரை மிச்சம் வையுங்கள்.

இறங்கிய பிறகு செரோக்கி மக்களைப் பற்றி மேலும் அறிய எங்கே செல்லலாம்?

குவோஹி சாலை நெடுஞ்சாலையில் சேருமிடத்தில் பெரும்பாலோர் இடப்பக்கம் திரும்பிக் கேட்லின்பர்க்கின் விடுதிகளுக்குப் போகிறார்கள். வலப்பக்கம் திரும்புங்கள். ஒக்கொனலுஃப்டி ஆற்றோடு இறங்கும் சாலை செரோக்கி நகரில் முடிகிறது. அங்கே செரோக்கி மக்கள் அருங்காட்சியகம் இருக்கிறது, பக்கத்திலேயே 1946இல் தொடங்கிய குவாலா கைவினைக் கூட்டுறவுக் கடை இருக்கிறது. நாணல் மூங்கிலைக் கிழித்து நெய்த கூடைகளைச் செய்தவர்களிடமிருந்தே வாங்கியவை அங்கே கிடைக்கும். விலை கூடுதலாகத் தோன்றினால், ஒரு கூடைக்கு மூங்கில் தேடுவதிலிருந்து சாயம் ஏற்றுவது வரை ஆகும் வேலையைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பிரைசன் சிட்டிக்குப் போகும் வழியில் கிட்டுவா என்ற தாய் ஊரின் மண்மேடு வயல் நடுவே இருக்கிறது. கிழக்குக் குழு அந்த நிலத்தை 1996இல் திரும்ப வாங்கியது. மேட்டின் மீது ஏறாமல் சாலையோரத்திலிருந்தே பாருங்கள். செரோக்கி நகரத் தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு செக்வோயாவின் எழுத்தும் இருக்கும்.